தமர் உகந்த முகம்
உருவப் புகைப்படக் கலையில் கண்ணும் கருவியும்

கலைகளுள் இளையது புகைப்படக் கலை. ஓவியமும் சிற்பமும் ஆயிரமாயிரம் ஆண்டுகள் வளர்ந்து முதிர்ந்தவை. புகைப்படமோ 1839-ஆம் ஆண்டில் பாரிசு நகரில் டாகேரின் முறை உலகிற்கு அறிவிக்கப்பட்ட பிறகே பலர் கைக்கு எட்டியது. இளைய கலையாயினும் அதனுடன் பிறந்த வழக்கொன்று இன்றும் தீர்ந்தபாடில்லை. நல்ல படத்தை எடுப்பது கண்ணா, கருவியா என்பதே அவ்வழக்கு.

மலையையோ மாளிகையையோ எடுக்கும்போது இவ்வழக்கு அத்துணைக் கூர்மை பெறுவதில்லை. மனித முகத்தை எடுக்கும்போதுதான் கூர்மை பெறுகிறது. முகத்தின் அளவும் நிறமும் சுருக்கமும் படத்தில் பிழையின்றிப் பதிந்திருக்கும். ஆயினும் அம்மனிதர் அதில் இருக்கமாட்டார். வேறொரு படம் மங்கலாய், கறை படிந்து இருக்கும். ஆயினும் அவர் நம்மை நோக்கிப் பேச வாயெடுப்பார். இவ்வேறுபாடு எங்கிருந்து வருகிறது? இதனை ஆராயப் புகுவார்க்கு நல்லதோர் அளவுகோல், மைசூருக்கு வடக்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள மேல்கோட்டையில் கிடைக்கிறது. அவ்வளவுகோல் காமிரா பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகட்கு முன்னரே தமிழில் பெயர் பெற்றுவிட்டது என்பதுதான் வியப்பு.

மேல்கோட்டை தரும் அளவுகோல்

திருநாராயணபுரம் என்றும் யதுகிரி என்றும் வழங்கும் மேல்கோட்டையில் இராமானுசர் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது வைணவ மரபு. அவர் திருவரங்கம் மீளப் புறப்பட்டபோது, பிரிவாற்றாத அடியார்கள் வருந்தினர். அவர்கட்கு ஆறுதலாக அவருடைய திருவுருவம் ஒன்று சமைக்கப்பெற்றது. அவ்வுருவிற்குத் ‘தமர் உகந்த திருமேனி’ என்று பெயர். அவர் பிறந்த திருப்பெரும்பூதூரில் உள்ளது ‘தான் உகந்த திருமேனி’. அவர் மறைந்த திருவரங்கத்தில் உள்ளது ‘தானான திருமேனி’.

இம்மூன்றும் வழிபாட்டிற்குரியவை, அவற்றின் சமயப் பொருளை இங்கு ஆராயவில்லை. கலைத்திறனாய்வுக்கு இப்பெயர்கள் தரும் ஒளியை மட்டும் பெற்றுக்கொள்வோம். ஓர் ஆளின் உருவத்தைச் சமைப்பதில் மூன்று நிலைகள் உண்டு. உருவுக்கு உரியவரே கண்டு மகிழ்வது ஒன்று. அவரை அறிந்தோர் கண்டு மகிழ்வது ஒன்று. உருவே அவராகிவிடுவது ஒன்று. உருவக் கலை முழுவதையும் இம்மூன்றனுள் அடக்கிவிடலாம்.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. மேல்கோட்டைத் திருமேனியின் பெயரில் சிற்பியின் பெயர் இல்லை. கல்லா, உலோகமா என்னும் செய்தி இல்லை. எவ்வகை உளி கொண்டு செதுக்கினர் என்னும் குறிப்பும் இல்லை. ‘தமர்’ என்னும் ஒரு சொல்லே நிற்கிறது. தமர் என்றால் தம்மவர், தமக்கு உரியவர். உருவம் உண்மையானதா என்பதற்குச் சான்று சொல்லத் தக்கவர் அவர்களே என்று அப்பெயரை இட்டவர்கள் கருதினர் போலும். கருவியா கண்ணா என்னும் வழக்கில் இப்பெயர் மூன்றாவது சாட்சியாக வந்து நிற்கிறது. உறவு என்பதே அச்சாட்சி.

மெய்ப்பாடும் பளிங்கும்

முகத்தின்வழி உள்ளத்தை அறிதல் நம் இலக்கணத்திற்குப் புதிதன்று. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலென ஓர் இயலையே வகுத்தது. நகையும் அழுகையும் உள்ளிட்ட எட்டு மெய்ப்பாடுகளை எண்ணிச் சொன்ன அந்நூல், கண்ணாலும் செவியாலும் கூர்ந்து உணரும் ஆற்றல் உடையார்க்கன்றி ஏனையோர்க்கு அவற்றின் பொருள் கொள்ளல் அரிது என்னும் கருத்துடன் அவ்வியலை முடிக்கிறது. மெய்ப்பாடு முகத்தில் தோன்றினால் மட்டும் போதாது; அதனைக் காணத் தக்க உணர்வு எதிரே இருத்தல் வேண்டும் என்பதே இதன் கருத்து.

வள்ளுவர் குறிப்பறிதல் என்னும் தலைப்பில் இரண்டு அதிகாரங்களை அமைத்தார். ஒன்று பொருட்பாலில், 71-ஆம் அதிகாரம். மற்றொன்று இன்பத்துப்பாலில், 110-ஆம் அதிகாரம். அரசவையிலும் காதலிலும் முகம் படிக்கும் கலை ஒன்றே எனக் கண்டவர் அவர். தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டும் பளிங்கை அவர் முகத்திற்கு உவமையாக்கினார். புகைப்படக் கருவியின் வில்லையும் பளிங்கு போன்றதொரு கண்ணாடியே அன்றோ? ஆனால் வள்ளுவர் சொன்ன பளிங்கு கருவியில் இல்லை. மனிதர் முகத்திலேயே இருக்கிறது. கருவியின் கண்ணாடி எத்துணைத் தெளிவாயினும், முகமாகிய பளிங்கு தன் நெஞ்சைக் காட்டாவிடில் அது வெற்றுத் தோலையே பதிவு செய்யும்.

முகம் எப்போது நெஞ்சைக் காட்டும்? எதிரே நிற்பவர் அயலார் எனத் தோன்றினால் மூடிக்கொள்ளும். தமர் எனத் தோன்றினால் திறக்கும். உருவப் புகைப்படக் கலைஞனின் பார்வை என்று நாம் சிறப்பித்துச் சொல்வது, எதிரே அமர்ந்தவர்க்கு அந்த ஒரு கணத்தில் தமராகிவிடும் ஆற்றலே எனலாம்.

ஒரு முகம், மூன்று கண்கள்

இக்கூற்றை ஆய்ந்து பார்க்க நல்ல வாய்ப்பொன்று தமிழகத்திலேயே உண்டு. திருவண்ணாமலை இரமண மகரிசியை வெவ்வேறு இயல்புடைய மூவர், வெவ்வேறு நோக்கத்துடன் படமெடுத்தனர்.

ஒருவர் பெங்களூரைச் சேர்ந்த தொழில்முறைப் புகைப்படக்காரர் ஜி. ஜி. வெல்லிங். அவர் 1946-இல் எடுத்த மார்பளவுப் படம் ‘வெல்லிங் படம்’ என்றே பெயர் பெற்றது. இன்று உலகின் பல பகுதிகளிலும் அன்பர் இல்லங்களில் இருப்பது பெரும்பாலும் அப்படமே. நரைத்த தலையும் தாடியும், இதழோரத்து இளநகையும், காண்பவரை நேரே நோக்கும் கண்களும் அன்றி அதில் வேறொன்றும் இல்லை. ஒளியமைப்பின் தேர்ச்சி அதில் தெரிகிறது. எனினும் தேர்ச்சியே முன்வந்து நிற்கவில்லை.

மற்றொருவர் சென்னை மருத்துவர் டி. என். கிருஷ்ணசாமி. அவர் தொழிலாற் புகைப்படக்காரர் அல்லர். அன்பராக அடிக்கடி ஆசிரமம் வந்தவர். ஆண்டுக்கணக்கில் அவர் எடுத்த படங்கள் பல. அமர்ந்த கோலமும் நடந்த கோலமும் அவற்றுள் உண்டு. தனித்தனியே நோக்கினால் சில சாதாரணமாகத் தோன்றும். ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது, ஒரு வாழ்வு நம்முன் அசைந்து செல்வதைக் காண்கிறோம்.

மூன்றாமவர் பிரெஞ்சு நாட்டுக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரசோன். 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகளை அவர் கொலையுறுவதற்குச் சற்று முன்னர்ச் சந்தித்துப் படமெடுத்தவர் இவரே. 1950 ஏப்ரல் 14 அன்று இரமணர் மறைந்தபோது இவர் திருவண்ணாமலையில் இருந்தார். அவ்விறுதி நாட்களில் இவர் எடுத்த படங்களில் நோயால் தளர்ந்த உடலைக் காண்கிறோம். தளராத பார்வையையும் காண்கிறோம்.

மூவருள் யார் படம் சிறந்தது? கருவியை வைத்து இதற்கு விடை கூற இயலாது. வெல்லிங் தம் தொழிலின் தேர்ச்சியைக் கொண்டுவந்தார். மருத்துவர் ஆண்டுக்கணக்கான அன்பைக் கொண்டுவந்தார். பிரெஞ்சுக்காரர் கையடக்க லைகாவையும் காத்திருக்கும் பொறுமையையும் கொண்டுவந்தார். ஒருவர்க்கு அம்முகம் அமைதியாய்த் தோன்றியது. ஒருவர்க்கு அன்றாட உறவாய்த் தோன்றியது. ஒருவர்க்கு விடைபெறும் முகமாய்த் தோன்றியது. முகம் ஒன்றே, காட்சிகள் மூன்று. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் கருவி மட்டுமாயின், அதே கருவிகளைக் கையாண்ட பிறர் எடுத்த எண்ணற்ற படங்களும் இவ்வாறே நம் நெஞ்சில் நின்றிருத்தல் வேண்டும்.

கருவியின் உரிமை

இதனால் கருவி வேண்டா என்று முடிவு கட்டுவது பொருந்தாது. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பது பழமொழி. அதனைச் சொல்லிக் கருவியை இகழ்வார் உளர். புல்லை ஆயுதமாக்கும் வல்லவனும் புல்லின் இயல்பை அறிந்தே ஆகவேண்டும் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

சிறிய பிலிம் சுருளைக் கொண்ட லைகா 1925-இல் விற்பனைக்கு வந்தது. கையில் அடங்கும் அத்தகைய கருவி இல்லாதிருந்தால், கார்த்தியே-பிரசோன் நோயாளியின் அருகில் அமைதி கெடாமல் இயங்கியிருக்க முடியாது. அவர் பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் வில்லை ஒன்றையே பயன்படுத்தினார்; செயற்கை மின்னல் விளக்கை நாடவில்லை. இது வறுமையன்று, தேர்ந்துகொண்ட எளிமை. கருவி தன்னை மறக்கச் செய்யும் அளவுக்குப் பழகிவிட்டது. ஆகவே கண் விடுதலை பெற்றது.

கருவியின் குறையையே கலையின் நிறைவாக்கியவரும் உண்டு. ஜூலியா மார்கரெட் காமரன் என்னும் அம்மையார் 1815-இல் கல்கத்தாவிற் பிறந்தவர். 1863-இல், தம் நாற்பத்தெட்டாம் வயதில், மகளும் மருமகனும் பரிசாக அளித்த காமிராவைக் கொண்டு இக்கலையைத் தொடங்கினார். ஈரம் உலருமுன் எடுத்துக் கழுவவேண்டிய கண்ணாடித் தகடுகள். அசையாமல் நெடுநேரம் அமரவேண்டிய தொல்லை. இவற்றிடையே அவர் எடுத்த முகங்கள் சற்று மங்கியே இருந்தன. தகடுகளில் கறையும் கீறலும் இருந்தன. அக்காலத்துப் புகைப்பட இதழ்கள் அவரைத் திறமையற்றவர் என்று குறை கூறின. வில்லையைத் திருப்பும்போது, தம் கண்ணுக்கு அழகாகத் தோன்றிய இடத்தில் நிறுத்திவிட்டதாகவும், பிறரைப் போல மேலும் கூர்மை தேடவில்லை என்றும் அவர் எழுதியுள்ளார். 1867-இல் அவர் எடுத்த வானியல் அறிஞர் ஜான் எர்சலின் முகம் இன்றும் உருவப் புகைப்படக் கலையின் உச்சங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. குறை கூறியோர் எடுத்த கூர்மையான படங்களை இன்று யார் நினைக்கிறார்கள்?

ஆகவே, எதைப் பதிய இயலும் என்பதற்கு எல்லை வகுப்பது கருவி. எதைப் பதியத் தகும் என்று தேர்வது கண். எல்லையை அறியாத கண் இடறி விழும். தேர்வறியாத கருவி குவித்துக்கொண்டே போகும்.

அமர்ந்தவரின் பங்கு

கண், கருவி என்று இரண்டையே பேசுவோர் படத்தில் அமர்ந்தவரை மறந்துவிடுகின்றனர். இதற்குப் பாரதியாரின் படங்களே சான்று.

பாரதியாரின் புதுவை வாழ்விற்கும் மேல்கோட்டைக்கும் மெல்லிய இழையொன்று உண்டு. ‘இந்தியா’ இதழை நடத்தித் துணைநின்றவர் மண்டயம் குடும்பத்துச் சீனிவாசாச்சாரியார். மேல்கோட்டையோடும் மண்டியாவோடும் நெடுங்காலத் தொடர்புடைய தமிழ் வைணவர் மரபு அது. அவருடைய மகளின் பெயர் யதுகிரி. மேல்கோட்டையின் மறுபெயரே அப்பெண்மணியின் பெயரும். சிறுமியாய்ப் புதுவையில் பாரதியாரைக் கண்டு பழகிய யதுகிரி அம்மாள் பின்னர் எழுதிய நினைவுநூல், சொற்களால் ஆன உருவப்படம். தமர் உகந்த சித்திரம் என்னும் தொடர் அந்நூலுக்கு நன்கு பொருந்தும்.

1921-இல் மறைந்த பாரதியாரின் புகைப்படங்களாக நமக்கு எஞ்சியவை ஐந்தே என்பர். புதுவை, காரைக்குடி, சென்னை ஆகிய ஊர்களில் எடுக்கப்பெற்றவை அவை. எடுத்தவர் எவரும் உலகப் புகழ் பெற்ற கலைஞர் அல்லர். அக்காலத்துச் சிற்றூர்களிலும் நகரங்களிலும் இருந்த படப்பிடிப்பாளர். கருவிகளும் அக்காலத்து வழக்கமான தகட்டுக் காமிராக்களாகவே இருந்திருக்கும். எனினும் 1919-இல் காரைக்குடியில் கையிற் கோலுடன் தோன்றும் அவ்வுருவை ஒருமுறை கண்டவர் மறப்பதில்லை. படம் எடுக்கப்படுவதற்காக அவர் அமரவில்லை. தம்மைக் காட்டுவதற்காகவே அமர்ந்தார். எதிரே இருந்த கருவியை ஊடுருவி, இன்னும் பிறவாத வாசகனை நோக்கினார் என்றே தோன்றுகிறது. தான் உகந்த உருவமும் தானான உருவமும் ஒன்றாகிவிட்ட அரிய காட்சி இது.

பின்னாளில் ஆர்யா என்னும் பாஷ்யம் பாரதியாரை ஓவியமாகத் தீட்டினார். 1932 ஜனவரி 26 அன்று சென்னைக் கோட்டைக் கொடிமரத்தில் தேசியக் கொடியை ஏற்றிய வீரர் அவர். அவ்வோவியம் மக்கள் உள்ளத்தில் பதிந்தது. ஆயினும் ஓவியத்துப் பாரதியாரிடம் கம்பீரம் மிகுதி. புகைப்படத்துப் பாரதியாரிடம் களைப்பும் கனலும் ஒருங்கே உள்ளன. புகைப்படத்திற்கு மட்டுமே உரிய உண்மை அது. அந்த அளவுக்குக் கருவிக்கும் நாம் நன்றி பாராட்டல் வேண்டும்.

பெயரற்ற முகங்கள்

கண்ணின் பெருமையைப் பாடிவிட்டு, அதன் குறையைச் சொல்லாது விடுதல் முறையன்று. முன்னர்க் கூறிய காமரன் அம்மையார் 1875-இல் கணவருடன் இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். கணவருக்கு அங்குக் காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879-இல் மறையும்வரை அங்கு அவர் எடுத்த படங்களில் அந்நாட்டு எளிய மக்கள் பலர் உள்ளனர். அவருள் தமிழ்த் தோட்டத் தொழிலாளரும் இருந்தனர் என ஆய்வாளர் கூறுவர்.

அதே கண், அதே கருவி. ஆனால் இங்கிலாந்தில் எடுத்த அறிஞர்களுக்கெல்லாம் பெயர் உண்டு. இலங்கையில் எடுத்த இம்மக்களுக்குப் பெயர் இல்லை. ‘பெண்’ என்றும் ‘குடியானவர் குழு’ என்றும் பொதுச்சொற்களே நிற்கின்றன. எர்சலின் முகத்தில் ஓர் உள்ளத்தை நோக்கிய கண், இவர்கள் முகத்தில் பெரும்பாலும் ஒரு தோற்றத்தையே நோக்கியது. அழகு குன்றவில்லை, உறவு குன்றியது. கடல் கடந்து வந்து கூலியாய் உழைத்த ஒரு பெண் நம்மை நோக்கி நிற்கிறாள். அவளை எப்பெயர் சொல்லி அழைப்பது என்று நாம் அறியோம். தமராகாத பார்வை எத்துணைக் கலைநயம் உடையதாயினும் பாதிவழியில் நின்றுவிடும் என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டா.

இதற்கு மறுதலையாக மைசூர் மண்ணிலேயே ஒருவர் வாழ்ந்தார். 1923-இல் மைசூரிற் பிறந்து, 2009-இல் அந்நகரிலேயே மறைந்த டி. எஸ். சத்யன், இந்தியச் செய்திப் புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவர். 1977-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். உலகக் குழந்தைகள் ஆண்டாகிய 1979-இல் அவருடைய குழந்தைப் படங்கள் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் அவையில் காட்சிக்கு வைக்கப்பெற்றன. அரசரையும் அமைச்சரையும் நெருங்கும் வாய்ப்பிருந்தும், தெருவில் விளையாடும் சிறுவனையும் உழைக்கும் பெண்ணையும் அவர் பெரிதும் நாடினார். அவர் படங்களில் எளியோர் இரக்கத்திற்குரிய பொருளாகத் தோன்றுவதில்லை, அண்டைவீட்டாராகத் தோன்றுகின்றனர். கண் தமராகும் விந்தையை அங்குக் காண்கிறோம்.

நம் இல்லத்துச் சுவர்கள்

இவ்வாராய்ச்சி பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு வெறும் கலைப்பேச்சன்று. தமிழ்க் குடும்பங்கள் பிழைப்பு நாடிப் பெயர்ந்தபோது கொண்டுவந்தவற்றுள் நிலம் இல்லை, வீடு இல்லை. சட்டமிட்ட ஓரிரு படங்கள் இருந்தன. மரநாற்காலியில் விறைத்து அமர்ந்த பாட்டனார். பின்னே திரைச்சீலையில் தீட்டிய பூந்தோட்டம். அருகே முக்காலியின்மேல் ஒரு பூச்சாடி. வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோ எடுக்கப்பெற்ற படம் அது. அவருடைய சிரிப்பு அதில் இல்லை. பேரன் அதனைக் கண்டதும் இல்லை. ஆயினும் பாட்டியார் மட்டும் அப்படத்தில் வேறொன்றைக் கண்டார். அவர் தமர் அன்றோ?

இன்றோ ஒவ்வொருவர் கையிலும் காமிரா உள்ளது. மேல்கோட்டையில் பங்குனித் திங்களில் வைரமுடி சேவை நிகழும்போது கூப்பிய கைகளுடன் கைப்பேசி ஏந்திய கைகளும் உயர்கின்றன. பாட்டனார் காலத்துப் படப்பிடிப்பாளர் கனவிலும் காணாத நுட்பம் பள்ளிச் சிறுவனிடம் இருக்கிறது. ஆனால் ஆயிரக்கணக்கில் சேர்ந்த அப்படங்களுள் நம் தாயின் முகம் உள்ளபடி விளங்கும் படம் எத்தனை? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். புதிய கருவி வாங்கினால் நல்ல படம் வரும் என்போர்க்கும் அப்பழமொழி பொருந்தும். தாயின் எதிரே கால்நாழிகை அமர்ந்து, அவர் சொல்லும் பழங்கதையைக் கேட்டு, கருவி இருப்பதை அவர் மறக்கும்வரை காத்திருத்தலே நாம் பெறவேண்டிய முதற் பயிற்சி. எடுத்த பின்னர் அவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதி வைத்தல் இரண்டாவது. இலங்கைத் தோட்டத்துப் பெண்ணுக்கு நேர்ந்தது நம் வீட்டு முதியோர்க்கு நேராதிருக்க வேறு வழியில்லை.

தான் உகந்த படத்தைத் தேர்ச்சியும் ஒப்பனையும் தரலாம். தானான படம் திட்டமிட்டு வருவதன்று. அரிதாய், அருளாய் வருவது. தமர் உகந்த படமோ நம்மால் இயல்வது. விலையுயர்ந்த வில்லை அதற்கு வேண்டியதில்லை. எதிரே இருப்பவரை நம்மவர் என்று கொள்ளும் நெஞ்சமே வேண்டும். மேல்கோட்டையில் பிரிவை எதிர்நோக்கி நின்ற அடியார் கேட்டதும், ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நாம் கேட்பதும் ஒன்றே: பிரிந்தவர் முகம் நம்மோடு இருத்தல் வேண்டும். அம்முகத்தைக் காத்துத் தரும் கடமை கருவிக்கு உரியதன்று. காணும் நமக்கே உரியது.